பாதிரியார் வீட்டுப் புகைபோக்கி

தொண்ணூற்றைந்தில், ஷார்ஜாவில் கட்டடங்களின் சின்ன மாதிரிகள் செய்யும் எங்கள் பட்டறையில், இங்கிலாந்தின் பழைய பாதிரியார் வீடு ஒன்றைக் கறுப்பு மரச்சட்டம், செங்குத்துக் கூரையோடு மேசையில் அடங்கும் அளவில் பிளைவுட்டில் செய்தோம். என் தொப்பை இடித்துப் புகைபோக்கி பிய்ந்து விழுந்தது; கையில் எடுத்தேன். சாயங்காலம் அதைச் செய்யச் சொன்ன வெள்ளைக்காரர் எடுத்துப்போக வருகிறார். இதையும் கெடுத்தால் எனக்கு ஊர் டிக்கெட்தான் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

புகைபோக்கி சுட்டது. உள்ளே கரி. ஜன்னலையே கோணலாக வைத்தவன் நான், எரிகிற கணப்பு வைக்க எனக்கேது திறமை?

“ஏண்டா சுடுது?” என்று கூட வேலைபார்க்கும் ஜெயமணியைக் கேட்டேன்.

“மொதல்ல ஒட்டுவோம்ணே.” ஒட்டினான். பெயிண்ட் தொட்டான். துடைத்தான்.

“இப்பவாவது சொல்லு.”

“உள்ள இருக்கிற ஃபாதருக்கு நம்ம ஏசி ஒத்துக்கலண்ணே. வெறகுக்கு நான்தான் தெனமும் தீக்குச்சி போடுறேன். வெள்ளைக்காரர்ட்டயும் மறக்காம போடச் சொல்லி அனுப்புங்க.”