தண்ணீர் ஊற்றுகிற பேட்டரி

"பத்து வருஷம் உழைக்கிற பேட்டரி எங்களுக்கு எதுக்குத் தம்பி? அவ்வளவு நாளை யார் கண்டா?" என்றாள் அந்த அம்மா. பக்கத்தில் அவள் கணவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார்.

பேட்டரிக் கடைக்காரருக்குச் சுருக்கென்றது. கட்டின புருஷன் எதிரிலேயே நாளை எண்ணுகிறாளே, இவளும் ஒரு பொம்பளையா என்று மனசுக்குள் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். அவர் பேட்டரியை மீட்டர் வைத்துச் சோதிக்கிறவர். மனிதர்களை மட்டும் பார்த்த மாத்திரத்தில் எடை போட்டுவிடுவார்.

வாசலில் அவர்களுடைய கோல்ஃப் வண்டி நின்றது. விளையாட்டு மைதானத்தில் ஓடி ஓய்ந்ததை வாங்கியிருந்தார்கள். நாலடி நடந்தாலே பெரியவருக்கு மூச்சு வாங்கும். அதனால் குடியிருப்புக்குள் எங்கே போவதானாலும் அந்த வண்டிதான், ஓட்டுவது அந்த அம்மாதான். இப்போது சீட்டுக்கடியில் இருந்த ஆறு பேட்டரியும் ஒன்றாகப் படுத்துவிட்டன. குடியிருப்பு வாசலை ஒட்டியே கடை இருந்ததால் நாலு பேராகத் தள்ளிக்கொண்டு வந்து விட்டார்கள்.

கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். பழையபடி ஆறு ஆசிட் பேட்டரி போட்டால் நாலைந்து வருஷம் வரும். ஆனால் மாசம் தவறாமல் மூடியைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். லித்தியம் என்றால் ஒரே பெட்டி, பத்து வருஷம் வரும், சார்ஜ் போடுவதைத் தவிர வேறு வேலை கிடையாது.

பெரியவர் லித்தியத்துக்குத் தலையாட்டினார். யார் தயவும் வேண்டாம், யாரையும் தேடிப் போக வேண்டாம், தன் சுபாவத்துக்கு அதுதான் சரி என்றார்.

"தண்ணி ஊத்துறதே போடுங்க," என்றாள் அவள்.

மூக்குக்கண்ணாடியை எடுக்க அவள் தன் பையைத் திறந்தபோது உள்ளே ஒரு தடித்த ஆஸ்பத்திரி ஃபைல் தெரிந்தது. பாவம், மனுஷனுக்கு நோய் முற்றிவிட்டது போலிருக்கிறது என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டார். ஆசிட் நெடி சாருக்கு ஆகாதே, நானே மாசாமாசம் வீட்டுக்கு வந்து தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறேன் என்று சொல்லிப் பார்த்தார்.

"வேண்டாம். மாசத்துல முதல் சனிக்கிழமை அவரே ஓட்டிட்டு இங்க வருவார்."

கடைக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூச்சு விடவே திணறுகிற மனிதரை மாசாமாசம் கடைக்கு அலைய விடுவதா? ஆனாலும் வாடிக்கையாளர் கேட்பதைத்தானே கொடுக்க முடியும். ஆறு ஆசிட் பேட்டரியையும் வரிசையாக இறக்கி, ஒயர் முடுக்கி, சீட்டை மூடினார்.

அவள் அதோடும் விடவில்லை. பெரியவரைக் கைப்பிடித்து ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்து, கடைக்கு முன்னால் இருந்த காலி இடத்தில் நாலு சுற்று ஓட்டச் சொன்னாள். அவர் முதல் சுற்றிலேயே காலி டப்பா அடுக்கில் முட்டினார். அவள் சிரிக்கவில்லை, மறுபடி ஓட்டச் சொன்னாள்.

வண்டி சற்றுத் தள்ளிப் போனதும் அவள் மெதுவாகக் கேட்டாள், ஒரு மாசம் அவர் வராவிட்டால் உங்களுக்குத் தெரியுமா என்று. சர்வீஸ் தேதியைக் காலண்டரில் குறித்து வைப்பேன், தெரியாமல் என்ன என்றார் கடைக்காரர். அதற்கு மேல் அவரால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. சாருக்கு இனிமே நாலு வருஷத்துக்கு மேல இல்லன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?"

அவள் கோபப்படவில்லை. வண்டி போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்கு ஒண்ணும் இல்ல தம்பி. அந்த இருமலும் இளைப்பும் இருபது வருஷமா இருக்கு, இன்னும் இருபது வருஷம் இருக்கும். எங்களுக்குப் பிள்ளைங்க இல்ல. அவர் யார்கிட்டயும் ஒட்ட மாட்டார். லித்தியம் போட்டுட்டா வாசலைத் தாண்டவே மாட்டார், இருக்காரா இல்லையான்னு கேக்க ஒரு ஆள் இருக்காது. இது போட்டா மாசத்துக்கு ஒரு தடவையாவது உங்க முகத்துல முழிப்பார். ரெண்டு வார்த்தை பேசுங்க. வரலைன்னா வீட்டுக்கு ஒரு எட்டுப் போய்ப் பாருங்க."

கடைக்காரருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"நான் எதுக்குப் போய்ப் பாக்கணும்? அதான் கூடவே நீங்க இருக்கீங்களேம்மா."

வண்டி திரும்பி வந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை டப்பாக்களில் முட்டாமல் வளைத்துவிட்ட பெருமையில், பெரியவர் தூரத்திலிருந்தே அவளைப் பார்த்துக் கையை ஆட்டினார். அவளும் சிரித்தபடி ஆட்டினாள். மற்றொரு கை, பையோடு சேர்த்து அந்த ஃபைலை அழுத்திப் பிடித்திருந்தது.

"இன்னும் அவர்கிட்ட சொல்லல தம்பி. இந்த ஃபைல் என்னோடது."