வால்வு சத்தம்

மெல்லிசைக் குழுவின் கிட்டாருக்கு இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள். பழைய ரேடியோ மாதிரி கண்ணாடி வால்வு வைத்த பெரியவரை நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். டிரான்சிஸ்டர் வைத்த சின்னவன் மலிவு. ஒரு கையில் தொங்கிக்கொண்டு வந்துவிடுவான்.

"உன்னுதெல்லாம் ஒரு சத்தமாடா?" என்று பெரியவர் தினமும் கேட்பார்.

ஒரு கல்யாண வரவேற்புக்குப் போகையில் வேன் குலுங்கி, பெரியவரின் வால்வு உடைந்தது. இன்றோடு மானம் போச்சு என்று அவர் நடுங்கினார். கிட்டார்காரர் டெல்வினோ அவரை அழகுக்கு மேடையில் நிறுத்தி, முதுகுக்குப் பின்னால் சின்னவனை ஒளித்துவைத்து வாசித்தார்.

முன்வரிசையில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். "வால்வுன்னா வால்வுதான்யா! டிரான்சிஸ்டர்ல இந்தக் குழைவு வருமா?"

பெரியவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

வேனில் ஏறியதும் சின்னவனிடம் கண்டிப்பாகச் சொன்னார்: "நாளைக்கும் இதே மாதிரி பாடணும். என் பேரைக் கெடுத்துடாதே."