நாலாவது பாட்டின் கிடார்

ராயபுரமே பென்னியின் ஆல்பத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் இசை கடல்போல இரைய, அதன்மேல் ராக் கிடார் மிதந்துவரும் பாட்டுகள். அதிலும் நாலாவது பாட்டின் கிடாரைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள்.

பென்னியின் பேண்டை விட்டுத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் போன ரெஜிஸுக்கு வயிறு எரிந்தது. அவன் கிடாரோடு நின்ற இடத்தில் இப்போது தீபன் நிற்கிறான்.

“தீபன் கிடாரு செமையா கீதுல்ல?” என்றான் கேன்டீனில் ஒருவன்.

“அது கிடாரா? மாவு மெஷினுடா!”

ஆத்திரம் அடங்காமல், நெட்டில் ஆல்பத்துக்குக் கீழே பொய்ப் பெயரில் கமெண்டும் போட்டான் ரெஜிஸ்: ‘நாலாவது பாட்டு கிடாரு ஒரே கலீஜ். தூக்கிப் போடுங்கப்பா.’ அதுவரை புகழ்ந்தவர்களே அதற்கு லைக் போட்டார்கள். வயிறு குளிர்ந்தது.

மறுநாள் பென்னியே போன் செய்தான்.

“பேஜாராப் பூட்ச்சி மாமு. எவனோ கமெண்ட்ல கிழிச்சிட்டான். நாலாவது பாட்டயே தூக்கிட்டேன்.”

“அடப்பாவமே, தீபனுக்கு மனசு கஷ்டமா இருக்குமே!” ரெஜிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

“தீபனா? அது நீ கடைசியா வாசிச்சதுடா! கம்ப்யூட்டர்ல இழுத்து, மெதுவாக்கி வச்சிருந்தேன். ஞாயித்துக்கெழம கச்சேரில உன்ன மேடையேத்தி, இவன்தான் வாசிச்சான்னு சொல்லலாம்னு இருந்தேன்.”

காதோரம் போன் ‘டிங்’ என்றது. கமெண்டுக்கு இன்னொரு லைக்.