கயிற்றை அளந்த நாரை

முளையில் கட்டியிருந்த ஆடு, கயிற்றுக்கு எட்டிய புல்லையெல்லாம் மேய்ந்துவிட்டு இரண்டு நாளாகப் பட்டினி கிடந்தது. ஜனநாயக ஆராய்ச்சிக்கென்று வெளிநாட்டு நாரை ஒன்று வந்து, ஆட்டின் கயிற்றை அலகால் அளந்தது.

"பன்னிரண்டு முழம்! பக்கத்து வயல் ஆட்டுக்கு எட்டு முழம்தான். சுதந்திரத்தில் உனக்குத்தான் முதலிடம்."

"முதலிடத்தில் புல் இல்லையே, சாமி. அளந்த அலகால் அந்த முடிச்சையும் கொஞ்சம் கொத்திவிடுங்களேன்."

"அது உங்கள் உள்நாட்டு விவகாரம். நான் தலையிடக் கூடாது" என்று சொல்லி, நாரை அறிக்கையை நீட்டியது.

ஆடு அதை வாங்கி ஓரம்கூட விடாமல் தின்றது. இரண்டு நாளில் வயிற்றுக்குக் கிடைத்தது அதுதான்.

அடுத்த ஊருக்குப் பறக்குமுன் நாரை தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டது: "ஆய்வு முடிவுகளை ஆடு மறுப்பின்றி ஏற்றுக்கொண்டது."