கைக்குள் ஓடிய ஆறு

சர்க்கரையோடு பிரஷரும் உள்ள தில்லைநாயகி, மகன் துபாயிலிருந்து அனுப்பிய வைட்டமினே போதுமென்று, டாக்டர் கொடுத்த பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

"இனிமே இவளுக்கு எல்லாமே நான்தான்!" என்றது வைட்டமின் டப்பா.

"யாருடா சொன்னா? துணைக்கு வந்தவன் நீ!" என்று சீறியது பிரஷர் மெஷின். "இவ கையில காதை வச்சுக் கேட்டுட்டு அப்புறம் பேசு."

பிரஷர் பார்க்க அவள் கட்டியிருந்த மெஷின் அவள் கையை இறுக்கியது. மேசையில் கிடந்த அந்தக் கையில் டப்பா காதை வைத்தது. உள்ளே, தூங்கும்போதும் நிற்காத ஓர் ஆறு, கரை உடைய முட்டிக்கொண்டு ஓடியது.

"அம்மாடி! இவ்ளோ பெரிசா?" டப்பா காதை வெடுக்கென்று எடுத்தது. "இதையா நான் தனியா அடக்கறேன்னேன்?"

"வாயடிச்சது போதும். வழிவிடு."

டப்பா உருண்டு விலகியது. அதன் பின்னால் மறைந்திருந்த பிரஷர் மாத்திரை அட்டை தில்லைநாயகியின் கண்ணில் பட்டது. அவள் தண்ணீர் எடுக்க எழுந்தாள்.