தண்டையோடு பார்த்த எடை

ஒடிசாவின் கோராபுட் மலையடிவாரத்தில், புளியமரக் கிளையில் என் தராசு தொங்குகிறது. அதன் கொக்கியில் மாட்டிய நீலத் துணித்தொட்டிலில் ஒரு வயது புத்ரா உட்கார்ந்திருக்கிறான். போன மாதம் இதே கிளையில் காலை உதைத்துக் கத்தியவன், இன்று இலைகளின் ஊடே ஆடும் வெயிலைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறான். அன்று அவன் கால் தண்டைகளைக் கழற்றச் சொன்னேன். அம்மா சைத்தி விடவில்லை. இங்கே எல்லோரையும் போல அவளுக்கும் நான் தீதி, அதாவது அக்கா. "பேர் வைக்கையில அவன் மாமன் போட்டது, தீதி. கழட்டினா கண்ணு பட்டுடும். அப்புறம் நீயா வந்து மந்திரிச்சு விடுவ?" சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தபடி தண்டையோடே எடை பார்த்தேன். முள் ஏழு கிலோவை ஒரு நூல் தாண்டி நின்றது. இந்த வயதில் ஏழுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குத்தான், நான் வேலை பார்க்கும் தொண்டு சங்கம் உடம்பு தேற நிலக்கடலைப் பசைப் பொட்டலம் தருகிறது. புத்ராவின் அட்டையில் 'தேவையில்லை' என்று நான்தான் எழுதினேன். அந்த எழுத்து இப்போது என் மடியில் விரிந்து கிடக்கிறது. இன்று தண்டையைக் கழற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. கேழ்வரகு மாவு காய்ந்த விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டு சைத்தியே குனிகிறாள். "கழட்டிடறேன், தீதி. இந்தத் தடவை சரியாப் பாரு." அவள் கை படுவதற்குள் புத்ரா காலை லேசாக அசைக்கிறான். ஒரு தண்டை குதிகாலைத் தாண்டித் தானாகவே நழுவி, புளியஞ்சருகின் மேல் விழுகிறது. ஏற்கெனவே ஏழுக்குக் கீழே நிற்கும் முள், இன்னும் ஒரு நூல் இறங்குகிறது.