துண்டு போட்ட இடம்

மழையே பார்க்காத அந்தத் தீவுக்கு ஏழு நாள் விடுமுறையில் போயிருந்தோம். விடுதிக்காரர்கள் கடலோரம் நாற்பது சாய்வு நாற்காலி போட்டிருந்தார்கள். எத்தனை மணிக்கு இறங்கிப் போனாலும் ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவருடைய துண்டு கிடக்கும். ஆட்கள் மட்டும் வரவே மாட்டார்கள். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டு போட்டு முப்பது வருஷம் இடம் பிடித்தவர் என் வீட்டுக்காரர், சும்மா இருப்பாரா. மூன்றாம் நாள் விடிவதற்குள் போய் எப்படியோ காலியாகக் கிடைத்த ஒரு நாற்காலியில் எங்கள் ஈரிழைத் துண்டைப் போட்டுவிட்டார். சரி உட்காருங்கள் என்றால், "ரெண்டு நாற்காலி சேர்ந்தாப்ல கிடைக்கட்டும், தவமணி" என்று வெயிலில் அதற்குக் காவல் நின்றார். நான் தனியாகப் போய்க் கடலில் கால் நனைத்துவிட்டு வந்தேன். ஆறாம் நாள் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்து நாற்காலியின் துண்டை நானே தூக்கினேன். நாற்காலித் துணி முழுக்க வெளுத்துப்போயிருந்தது. துண்டு கிடந்த இடம் மட்டும் புத்தம்புது நீலம். "எத்தனை வருஷமா கிடக்குதோ, வந்து உக்காருங்க" என்றேன். அவர் அதை என் கையிலிருந்து வாங்கி, அந்த நீலத்தின் மேலேயே ஓரம் பிசகாமல் விரித்துவிட்டு, "அடுத்தவங்க இடம்" என்றார். ஊருக்குக் கிளம்பும்போது பெட்டிகள் வண்டியில் ஏறிவிட்டன. "ஏங்க, நம்ம துண்டு" என்றேன். "கிடக்கட்டும். எடுத்தா வேற யாராவது உக்காந்துருவாங்க" என்றார்.